பன்னாவில் சரளை கொழித்த தங்கச்செல்வி

9-6-1996. அருப்புக்கோட்டையிலிருந்து பன்னா வரை, இருவர் பயணச் செலவு. ரூ. 738.
1-7-1996. அடுப்பு, எண்ணெய்ச் சட்டி, முறுக்கு அச்சு இரண்டு. ரூ. 1,150.
17-8-2022. கோட்டைச்சாமி காலமானார். தகனச் செலவு ரூ. 9,400.
2-10-2022. வீட்டின் விலை, வீட்டுக்காரர் சொன்னது. ரூ. 4,25,000.
4-1-2023. குழிக் குத்தகை, ஓராண்டுக்கு. ரூ. 200.
31-12-2023. குத்தகை முடிவு.

மேலே உள்ளவை என் தங்கை தங்கச்செல்வியின் வாழ்க்கையில் நான் குறித்து வைத்த வரிகளில் ஆறு. அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் டைம் கீப்பராக இருந்தவன் நான். வண்டி வந்ததையும் போனதையும் எழுதிப் பழகிய கை, வீட்டு விஷயத்தையும் அப்படித்தான் எழுதும். ஆறாவது வரியில் தொகை இல்லை. அந்தத் தேதிக்குள் அவளுக்கு ஒரு வைரக் கல் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் இருபத்தேழு வருடம் வாழ்ந்த வீட்டைக் காலி செய்துவிட்டு அவள் என்னோடு ஊர் திரும்பியாக வேண்டும். அந்த வரியின் பொருள் அவ்வளவுதான்.

அவள் 1966-இல் நரிக்குடிக்கு மேற்கே உள்ள எங்கள் ஊரில் பிறந்தாள். ஐந்து பேரில் அவள் கடைசி, நான் மூத்தவன். கண்மாய்ப் பாசனத்தில் ஒரு துண்டு வயலும், மானாவாரியாகக் குதிரைவாலி விதைக்கும் மூன்று ஏக்கர் புன்செய்யும் எங்களுக்கு இருந்தன. குதிரைவாலியை மண் களத்தில் போட்டு அடிப்பதால் அரிசியில் பொடிக்கல் கலந்திருக்கும். அதைச் சுளகில் இட்டுப் பக்கவாட்டில் அசைத்துக் கொழித்தால் கனமான கல் எல்லாம் சுளகின் ஒரு மூலைக்கு வந்து ஒதுங்கும். மூலையில் சேர்ந்ததை இடது கை விரலால் தட்டி வெளியே எறிந்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் எட்டு வயதிலிருந்தே அது தங்கச்செல்வியின் வேலை. அவள் கொழித்த அரிசியில் ஆக்கிய சோற்றில் யாருக்கும் கல் கடிபட்டதில்லை. பேசுவாள், சிரிப்பாள், பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டையும் போடுவாள். கண் சுளகில் இருக்காது. விரல் தன்பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருக்கும்.

1988-இல் எம்.ரெட்டியபட்டியைச் சேர்ந்த கோட்டைச்சாமிக்கு அவளைக் கொடுத்தோம். பருத்தி இரண்டு வருடம் தொடர்ந்து பொய்த்ததும் கோட்டைச்சாமி வடக்கே சத்னா நகரத்தில் நம் பக்கத்து ஆள் ஒருவர் நடத்திய முறுக்குக் கம்பெனிக்கு வேலைக்குப் போனார். தொழில் கைக்கு வந்ததும் சொந்தமாக அடுப்பு வைக்க ஊர் தேடினார். சத்னாவில் முன்பே நம் ஆட்கள் நான்கு பேர் இருந்தார்கள். அங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் பன்னா. அங்கே முறுக்குப் போடுகிறவர் ஒருவரும் இல்லை. அந்தக் காரணத்துக்காக மட்டுமே அவர்கள் பன்னாவுக்குப் போனார்கள். அது வைர ஊர் என்பது போய் இறங்கும்வரை தங்கச்செல்விக்குத் தெரியாது.

நான் பன்னாவுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். அந்த ஊரைப் பற்றிக் கேட்டும் பார்த்தும் குறித்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன்.

மத்தியப் பிரதேசத்தில், விந்திய மலையின் மேட்டில், தேக்கும் இலுப்பையும் வளர்ந்த காட்டின் ஓரத்தில் பன்னா இருக்கிறது. ஏறக்குறைய முந்நூற்றைம்பது வருடத்துக்கு முன் புந்தேலா அரசர் சத்ரசால் அதைத் தலைநகராக்கினார். படைக்குக் கொடுக்கப் பணமில்லாமல் அவர் தவித்த சமயத்தில் பிராணநாதர் என்ற துறவி, உன் குதிரை போகிற தூரம் வரை மண் வைரம் கொடுக்கும் என்று வாழ்த்தினாராம். ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் இந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள். கோட்டைச்சாமியும் ஒருமுறை எனக்குப் போனில் சொன்னார். சொல்லிவிட்டு, "குதிரை எங்கெங்க நின்னு லத்தி போட்டுச்சோ அங்க மட்டுந்தான் கல்லு இருக்கும்போல மச்சான். மத்த எடமெல்லாம் வெறும் மண்ணு" என்றார்.

மண்ணிலிருந்து வந்த பணத்தில்தான் ஊர் எழுந்தது. அரசர் காலத்தில் பெரிய கல் எல்லாம் அரண்மனைக்கே சேரும் என்று சொல்கிறார்கள். அந்த வருமானத்தில் ஒவ்வொரு தலைமுறையும் ஒரு கோயில் கட்டியது. பிராணநாதர் கோயில், ஜுகல் கிஷோர் கோயில், கடைசியாக 1870-களில் பலதேவர் கோயில். அந்தக் கடைசிக் கோயிலை லண்டனில் இருக்கும் ஒரு பெரிய தேவாலயத்தின் சாயலில் கட்டியிருக்கிறார்கள். உள்ளே போனால் கலப்பை ஏந்திய பலராமர் நிற்கிறார், வெளியே வந்து பார்த்தால் மாதா கோயில் மாதிரி இருக்கிறது. அரசாட்சி போன பிறகு அரசாங்கம் மஜ்காவான் என்ற இடத்தில் எந்திரம் வைத்துப் பெரிய சுரங்கம் தோண்டியது. அதைச் சுற்றி வேலி, வேலிக்கு வெளியே புலிக் காடு. இவ்வளவு வைரம் கொடுத்த ஊருக்கு நான் போனபோது ரயில் இல்லை. நம் திருச்சுழிக்கு ரயில் உண்டு. இதை நான் அங்கே நான்கு பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

பெரிய சுரங்கம் அல்லாமல் சாதாரண மக்களுக்கும் அங்கே வழி இருக்கிறது. அரசு வைர அலுவலகத்தில் இருநூறு ரூபாய் கட்டினால் எட்டு மீட்டர் நீளம், எட்டு மீட்டர் அகலம் நிலம் அளந்து கொடுப்பார்கள். டிசம்பர் முடிய அதில் தோண்டலாம். மேல்மண்ணை எடுத்துவிட்டுக் கீழே இருக்கும் சரளையை அள்ள வேண்டும். அதைத் தண்ணீரில் அலசிச் சேறு போக்கி, சலித்து, வெயிலில் உலர்த்தி, தரையில் பரப்பி, குனிந்து உட்கார்ந்து கையால் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டும். கல் கிடைத்தால் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். ஏலம் விட்டு, அரசின் பங்கைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். எல்லைக்கல்லுக்கு உள்ளே கிடைப்பது அந்தக் குத்தகைக்காரருடையது. பன்னாவில் பாதிப் பேர் ஏதோ ஒரு வருடம் குழி எடுத்தவர்கள். கல் கண்டவர்கள் மிகக் கொஞ்சம்.

கோட்டைச்சாமி குழி எடுத்ததே இல்லை. சைக்கிளில் தகர டின்னைக் கட்டிக்கொண்டு குழிகள் இருக்கும் பக்கமே போய் முறுக்கு விற்றார். அங்குள்ளவர்களுக்குப் பிடிக்கும்படி மாவில் ஓமம் கூட்டினார். வைரம் தேட ஆசையில்லையா என்று நான் ஒருமுறை போனில் கேட்டதற்கு, "தோண்டுறவனுக்குப் பசிக்கும் மச்சான். நமக்கு அது போதும்" என்றார். அந்தப் பசியை வைத்துத்தான் இருவரும் மகள் சுகந்தியைப் படிக்க வைத்தார்கள். குமாரலிங்கபுரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். முறுக்குப் பிழிவது தங்கச்செல்வி, விற்பது கோட்டைச்சாமி. நாளடைவில் மதராசி அம்மா முறுக்கு என்றால் பன்னா கடைத்தெருவில் தெரியாதவர் இல்லை.

2022 ஆகஸ்டில் கோட்டைச்சாமி நெஞ்சுவலியில் இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் போய்ச் சேர்ந்தேன். அருப்புக்கோட்டையில் என் வீட்டுப் பின்னறைக்குச் சுண்ணாம்பு அடித்து, மின்விசிறி மாட்டி வைத்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். என் மனைவி முருகலட்சுமி புதுக் கட்டில் போட்டு வைத்திருந்தாள். ஒரு மாதம் தங்கி, எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிட்டுத் தங்கையைக் கூட்டிக்கொண்டு வருவது எங்கள் முடிவு.

அந்த மாதத்தில் வீட்டுக்காரர் வந்து, அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டை விற்கப்போவதாகச் சொன்னார். ஒரே அறை, முன்பக்கம் அடுப்புக் கொட்டகை, பின்னால் ஒரு வேப்ப மரம். ஜபல்பூரில் இருக்கும் மகனோடு போய் இருக்கப் போகிறாராம். நல்ல மனிதர். இத்தனை வருடம் இருந்தவளுக்கு முதல் உரிமை என்று விலையைச் சொல்லி, 2023 டிசம்பர் முடிய நேரமும் கொடுத்தார். தங்கச்செல்வியிடம் இருந்தது எண்பதாயிரம் ரூபாய்.

நான் பின்னறையைப் பற்றி எடுத்துச் சொன்னேன். அவள் முழுதும் கேட்டாள்.

"அந்த ரூம்ல நான் என்னண்ணே செய்வேன்?"

"ஏன், இருப்ப."

"அதத்தான் கேக்குறேன். இருந்து என்ன செய்வேன்?"

குழி எடுத்துக் கல் தேடி, அந்தப் பணத்தில் வீட்டை வாங்கப்போவதாக அவள் சொன்னாள். சுகந்தி போனில் அழுதாள். வைரம் தேடுகிற வயதா இது, இங்கே வந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் கூடாதா என்றாள். "பிள்ளை பாக்க ஆள் வேணும்னா சொல்லு, சம்பளம் பேசிக்கிருவோம்" என்று தங்கச்செல்வி போனை என்னிடம் நீட்டினாள். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். நான் தனியாக ஊர் திரும்பினேன். டிசம்பருக்குள் கல் கிடைத்தால் வீடு, கிடைக்காவிட்டால் மறுபேச்சு இல்லாமல் ஊருக்கு வந்துவிடுவது என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். அவள் வாக்கை நான் சந்தேகித்ததில்லை. வைரத்தைத்தான் சந்தேகித்தேன்.

2023 ஜனவரியில் அவள் பெயரில் குத்தகை பதிவானது. இடம் கிருஷ்ண கல்யாண்பூர் பட்டி. "இங்கயும் பட்டிதாண்ணே" என்று போனில் சொன்னாள். கூலிக்கு இரண்டு ஆண்கள் தோண்ட, ஹல்கி பாய் என்ற கோண்டுப் பழங்குடிப் பெண் சரளை சுமக்க, காலையில் குழி, மதியத்துக்கு மேல் முறுக்கு என்று வேலை நடந்தது. பதினோரு அடியில் சரளை தெரிந்தது. மழைக்காலம் மூன்று மாதம் குழியில் தண்ணீர் நின்று வேலை கெட்டது. அக்டோபரில்தான் அலசவும் உலர்த்தவும் முடிந்தது.

அங்கே எல்லோரும் செய்வது போலத் தரையில் குனிந்து பார்க்க அவளுடைய இடுப்பு இடம் கொடுக்கவில்லை. அதனால் தன் எல்லையின் இடது ஓரத்தில் இருந்த இலுப்பை மரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்து, சலித்த சரளையைச் சுளகில் போட்டுக் கொழிக்க ஆரம்பித்தாள். சுளகு அந்த ஊர்ப் பெண்களிடமும் உண்டு. ஆனால் வைரச் சரளையை யாரும் சுளகில் போட்டதில்லை. வேடிக்கை பார்க்க ஆட்கள் வந்தார்கள்.

முதல் ஆளாக வந்தவர் இடப்பக்கத்துக் குழியின் குத்தகைக்காரர் பிரஜ்மோகன். எழுபது வயது. முன்பு லாரி ஓட்டியவர். சிவகாசிக்குத் தீப்பெட்டி லோடு ஏற்ற வந்து வந்து தமிழில் சில சொற்கள் பழகியிருந்தார். அவற்றில் அவருக்கு மிகவும் பிடித்தது 'நாளைக்கு'. சிவகாசியில் லோடு எப்போது என்று கேட்கும்போதெல்லாம் அவர் காதில் விழுந்த பதில் அதுதானாம். பதினான்கு வருடம் தொடர்ந்து குழி எடுத்தும் ஒரே ஒரு கல், அதுவும் மங்கிய பழுப்புக் கல், கிடைத்திருந்தது. வைரத்தையும் முறுக்கு மாதிரி பிழிந்தெடுக்கப் போகிறாயா என்று தங்கச்செல்வியைக் கேலி செய்வார். அவள் சுளகைக் கீழே வைக்காமல், உங்களுக்கு நாளைக்குக் கிடைக்கும் என்பாள்.

நவம்பர் முடிந்தது. சரளை முக்கால்வாசி தீர்ந்தது. கல் இல்லை.

டிசம்பர் 11-ஆம் தேதி நான் இரண்டாம் முறை பன்னாவில் இறங்கினேன். திரும்பும் பயணத்துக்கு இரண்டு டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். அவளுக்குப் பிடிக்கும் என்று நரிக்குடியில் ஒரு சம்சாரியிடம் வாங்கிய குதிரைவாலி அரிசி ஐந்து கிலோ கொண்டு போயிருந்தேன். மெஷினில் சுத்தம் செய்யாதது.

மறுநாள் குழிக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவள் வேலையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சுளகு அசைந்தது, சரளை பரவியது, அவள் ஹல்கி பாயோடு இந்தியில் ஏதோ வம்பு பேசினாள். பிறகு சுளகில் இருந்த சரளையை மடியில் விரித்த வெள்ளைத் துணியில் கொட்டி, ஒவ்வொரு கல்லாகப் பார்த்து, ஒதுக்கினாள். சுளகுக்குச் சுளகு அதேதான். நானும் அதே வீட்டில் வளர்ந்தவன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

13-ஆம் தேதி காலையில் சோறாக்குவதற்காக அவள் குதிரைவாலியை எடுத்துக் கொழித்தாள். நான் எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். சுகந்தியின் மாமியாரைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். சுளகைப் பார்த்தாள். பிறகு தன் இடப்பக்கம் தரையைப் பார்த்தாள். அங்கே ஏழெட்டுப் பொடிக்கல் சிதறிக் கிடந்தது.

"அண்ணே, நான் அங்கயும் இதத்தான செஞ்சிருக்கேன்."

எனக்குப் புரியவில்லை. அவள் சுளகை என் முன்னால் பிடித்து மறுபடி அசைத்துக் காட்டினாள். கல் மூலைக்கு வந்தது. இடது கை விரல் அதைத் தட்டியது.

"கனமானது மூலைக்கு வரும். வைரம் கனம். வந்து சேர்ந்துருக்கும். நாந்தான் தட்டி எறிஞ்சுட்டு, மிச்சத்த மடியில கொட்டிப் பாத்துக்கிட்டு இருந்துருக்கேன். ரெண்டு மாசமா."

குதிரைவாலி கொழித்து வளர்ந்த பெண் ஒருத்தியால் மட்டுமே செய்ய முடிகிற பிழை அது. ஹல்கி பாயோ பிரஜ்மோகனோ நினைத்தாலும் செய்திருக்க மாட்டார்கள். சோற்றில் கல் இருக்கக் கூடாது என்று ஐம்பது வருடமாக அந்த விரலுக்குத் தெரியும். கல்லைத் தேடுகிறோம் என்பதை யாரும் அதற்குச் சொல்லவில்லை.

அடுப்பை அணைத்துவிட்டு ஆட்டோ பிடித்துக் குழிக்குப் போனோம். இலுப்பை மரத்தடியில் அவள் உட்காரும் இடத்துக்கு இடப்பக்கம், கை எட்டும் தூரத்தில், இரண்டு கூடை அளவுக்குக் கறுத்த பொடிக்கல் குவிந்து கிடந்தது. இரண்டு மாதத்துச் சரளையின் கனமெல்லாம் அந்த இரண்டு கூடைதான். ஆனால் சுண்ணாம்பு பூசிய எல்லைக்கல் குவியலுக்கு இந்தப் பக்கம் இருந்தது. அவள் தட்டி எறிந்ததெல்லாம் பிரஜ்மோகனின் நிலத்தில் விழுந்திருந்தது.

ஹல்கி பாய்க்கு விஷயம் புரிந்ததும் சும்மாட்டை உதறித் தலையில் வைத்துக் கூடையை எடுத்தாள். பிரஜ்மோகன் பத்து மணிக்கு மேல்தான் வருவார், அதற்குள் இரண்டு கூடையையும் இந்தப் பக்கம் கொட்டிவிடலாம், அவர் அந்தப் பக்கமெல்லாம் தோண்டி முடித்துவிட்டார், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார் என்றாள். அவள் சொன்னது நடக்கக்கூடியதுதான். பத்து நிமிட வேலை. தங்கச்செல்வி கூடையை வாங்கிக் கீழே வைத்துவிட்டாள்.

"அந்தக் கல்ல நடும்போது நான் பக்கத்துல நின்னு பாத்தவ" என்று என்னிடம் சொன்னாள். பிறகு எல்லைக்கல்லுக்கு அருகில் உட்கார்ந்தாள். நாங்கள் மூவரும் காத்திருந்தோம்.

பிரஜ்மோகன் வந்ததும் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். விரலால் தட்டியும் காட்டினாள். அவர் முதலில் சிரித்தார். நெடுநேரம், இருமல் வரும்வரை சிரித்தார். தினமும் பீடி குடிக்க அந்தக் குவியல் மேல்தான் உட்கார்ந்தேன், என் வேட்டியில் ஒட்டிக்கொண்டு எத்தனை வைரம் போனதோ என்றார். பிறகு சிரிப்பு அடங்கி, குவியலையும் எல்லைக்கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்பதில் என் தங்கையின் வீடு இருந்தது. அவருடைய பதினான்கு வருடமும் இருந்தது. சட்டப்படி அந்தக் குவியல் முழுதும் அவருடையது.

அவர் இந்தியில் சொன்னதைத் தங்கச்செல்வி எனக்குத் தமிழில் சொன்னாள்.

"எறிஞ்சது ஓங் கை, புடிச்சது ஏம் மண்ணு. பாதிக்குப் பாதிங்கிறாரு."

அன்றே குவியலை மறுபடி அலசினார்கள். அது உலர இரண்டு நாள் ஆனது. கொழிப்பதற்கு முன் தங்கச்செல்வி சேலைக் கரையிலிருந்து ஒரு துண்டு கிழித்து, இடது கை விரல்கள் நான்கையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். விரல் சொன்ன பேச்சைக் கேட்காது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கையைக் கட்டிப்போட்டுவிட்டு வேலை செய்கிற முதல் ஆள் நீதான் என்று பிரஜ்மோகன் சொன்னார். கட்டிய கையாலேயே சுளகின் ஓரத்தைத் தாங்கி அவள் அசைத்தாள். இந்த முறை மூலையில் சேர்ந்ததை மட்டும் வெள்ளைத் துணியில் கொட்டினாள். பிரஜ்மோகன் ஒரு பக்கம் உட்கார்ந்து பார்த்தார். நான் மறுபக்கம் உட்கார்ந்து, எனக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் பார்த்தேன்.

16-ஆம் தேதி சனிக்கிழமை, வெயில் ஏறுவதற்கு முன், துணியில் கறுப்பும் சிவப்புமான பொடிக்கல் நடுவே கற்கண்டுத் துண்டு போல ஒன்று இருந்தது. கொண்டைக்கடலையைவிடச் சிறியது. ஈரம் பட்டது போல ஒரு பளபளப்பு. தங்கச்செல்வி அதைத் தொடவில்லை. பிரஜ்மோகனைப் பார்த்தாள். அவர் எடுத்து உள்ளங்கையில் வைத்தார், வெயிலில் காட்டினார், மறுபடி துணியில் வைத்தார். பிறகு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, தமிழில், "நாளைக்கு இல்ல. இன்னைக்கு" என்றார். சிவகாசியில் யாரும் அவரிடம் சொல்லாத அந்தச் சொல்லை அவர் எங்கே கற்றார் என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை வைர அலுவலகத்தில் கல்லை எடை போட்டார்கள். 3.27 காரட். கிடைத்த இடம் பிரஜ்மோகனின் நிலம் என்பதால் ஒப்படைத்தவர் பெயர் பிரஜ்மோகன், ரசீது பிரஜ்மோகன் பெயரில், ஏலப் பணம் போய்ச் சேரும் வங்கிக் கணக்கும் பிரஜ்மோகனுடையது. தங்கச்செல்வியின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. வெளியே வந்ததும் நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு முத்திரைத் தாளில் எழுதியாவது வாங்கிக்கொள் என்றேன். இத்தனை வருடம் எழுதாமல் ஒரு பஸ்ஸையும் நான் வெளியே விட்டதில்லை.

"அவரு எழுதுனா எனக்கு வாசிக்கத் தெரியாது, நான் எழுதுனா அவருக்கு வாசிக்கத் தெரியாது. எழுதி என்னண்ணே செய்ய? குவியல அவர்கிட்டச் சொன்னப்ப என்கிட்ட அவரு எழுதியா வாங்குனாரு?"

வீட்டுக்காரர் ரசீதைப் பார்த்துவிட்டு ஏலம் முடியும்வரை பொறுப்பதாகச் சொன்னார். இரண்டு டிக்கெட்டில் ஒன்றை ரத்து செய்தேன். கிளம்பும்போது, நடப்பதைக் கடிதமாக எழுதச் சொன்னேன். போனில் சொன்னால் தேதி நிற்காது. அவள் எட்டாம் வகுப்பு வரை படித்தவள், கையெழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கும்.

அவள் எழுதினாள். பிப்ரவரி ஏலத்தில் கல்லுக்குக் குறித்த விலை வராததால் விற்கவில்லை என்று ஒரு கடிதம். பிரஜ்மோகனின் மகன் போபாலிலிருந்து வந்து, முறுக்குக்காரிக்கு எதற்குப் பாதி என்று தகப்பனிடம் சத்தம் போட்டதாக ஒரு கடிதம். அதைப் படித்த இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முருகலட்சுமியோ, "ஓங்க தங்கச்சி பயப்படல, அந்தப் பெரியவரும் பயப்படல. நீங்க ஏன் பயப்படுறீக?" என்றாள். ஏலம் ஆகஸ்டுக்குத் தள்ளிப் போனதாக ஒரு கடிதம். ஆகஸ்டில் சூரத் வியாபாரி ஒருவர் கல்லை எடுத்தார் என்று அடுத்த கடிதம். பணம் வந்துவிட்டதா, பங்கு வந்துவிட்டதா என்று அதில் இல்லை. நான் போனில் கேட்டபோது, எழுதுகிறேன் என்று வைத்துவிட்டாள். சட்டியில் முறுக்கு வேகும் சத்தம் கேட்டது.

பிறகு வந்த கடிதத்தை அப்படியே தருகிறேன்.

'அன்புள்ள அண்ணனுக்கு. இங்கே நலம். அண்ணி நலமா. போன வியாழக்கிழமை பிரஜ்மோகன் வந்தார். வங்கிப் புத்தகத்தைக் கொண்டுவந்து வீட்டுக்காரர் முன்னால் விரித்து, வந்தது இவ்வளவு, பாதி இவ்வளவு என்று காட்டினார். என் பங்கு மூன்று லட்சத்து எழுபத்தோராயிரம். மகனும் கூட வந்திருந்தான். முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். முறுக்கு கொடுத்தேன், தின்றான். என் கையில் இருந்ததையும் போட்டு வீட்டுக்காரருக்குக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை பதிவு ஆபீஸில் பத்திரம் ஆனது. என் பெயரில். இந்தியில் இருக்கிறது, எனக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் என் பெயர் எது என்று காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். தங்கச்செல்வி, கணவர் பெயர் கோட்டைச்சாமி, ஊர் பன்னா. எனக்காக நீங்கள் சுண்ணாம்பு அடித்த பின்னறையில் சுகந்தி பிள்ளைகள் வந்தால் படுக்கட்டும். இனிமேல் கடிதம் எழுத எனக்கு நேரம் கிடையாது. தீபாவளிக்கு இருநூறு கிலோ ஆர்டர் வந்திருக்கிறது, ஹல்கி பாயை முறுக்குப் பிழியப் பழக்குகிறேன். போன் பண்ணுங்கள். மதியம் பண்ணாதீர்கள், கை எண்ணெயாக இருக்கும்.'

பன்னாவின் வரலாற்றை எழுதியவர்கள் அரசர்களையும் கோயில்களையும் கல்லின் காரட்டையும் எழுதியிருக்கிறார்கள். எழுத வேண்டியதுதான். அந்த நகரத்தின் பதிவு அலுவலகத்தில், நரிக்குடிப் பக்கத்தில் பிறந்த என் தங்கையின் பெயரும் இப்போது ஒரு வரியில் இருக்கிறது. அந்த வரிக்கு அடிப்படையாக நான் வைத்திருக்கும் ஆதாரம், அவள் எழுதிய கடைசிக் கடிதம். அது அருப்புக்கோட்டையில் என் கைக்கு வந்த தேதி 23-9-2024, திங்கட்கிழமை.